யாருக்குச் சூழ்நிலை, யாருக்குக் குணம்?

மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் போய்க்கொண்டிருக்கிறார்கள். பின்சக்கரம் வெடிக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் கீழே விழுகிறார். தலை தரையில் மோதுகிறது. வண்டியை ஓட்டியவர் ஒரு வழக்கறிஞர், நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். அடிபட்டவரை உள்ளூர் மருத்துவமனையில் சேர்க்கிறார். காயம் எவ்வளவு ஆபத்தானது, வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வழக்கு வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். இந்தச் சம்பவத்தைச் சொன்னவர் மைசூரில் வாழ்ந்த ஒருவர். கேட்டுப் பதிவுசெய்தவர் ஜோன் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர். வழக்கறிஞர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று மில்லர் கேட்டபோது, மைசூர்க்காரர் மூன்று காரணங்கள் சொன்னார். கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. விபத்தில் அவரே பதறிப்போயிருக்கலாம். காயம் பார்வைக்குப் பெரிதாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். இதே சம்பவத்தை அமெரிக்கர்களிடம் சொல்லிக் கேட்டபோது, அவர்கள் அந்த மனிதரின் குணத்தைக் கைகாட்டினார்கள். பொறுப்பில்லாத ஆள் என்பது அவர்கள் தீர்ப்பு. நடந்தது ஒன்றுதான், சொல்லப்பட்ட தகவல்களும் ஒன்றுதான். ஆனால் தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது.

1984-ல் வெளியான மில்லரின் ஆய்வு, சிகாகோவிலும் மைசூரிலும் எட்டு, பதினொன்று, பதினைந்து வயதுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டது. தெரிந்தவர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றையும் கெட்ட காரியம் ஒன்றையும் சொல்லச் சொல்லி, அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டார். எட்டு வயதில் இரு ஊர்ப் பிள்ளைகளின் பதில்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வயது ஏற ஏறத்தான் பாதைகள் பிரிந்தன. அமெரிக்கர்கள் வளர வளர, செயலுக்குக் காரணமாகச் செய்தவரின் சுபாவத்தை அதிகம் சொன்னார்கள். மைசூர் இந்துக்கள் வளர வளர, சூழ்நிலையையும் உறவையும் கடமையையும் அதிகம் சொன்னார்கள். இந்தியாவிலேயே வாழ்ந்தாலும் மேலைநாட்டுப் பழக்கவழக்கங்களோடு வளர்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் பதில்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றன. மனிதரை எடைபோடும் முறை பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதில்லை என்பதை இந்த வயது வேறுபாடு காட்டுகிறது. சோறு ஊட்டும்போதும், அண்டை வீட்டாரைப் பற்றித் திண்ணையில் பேசும்போதும், பள்ளியில் தண்டிக்கும்போதும் பெரியவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

பண்பாடு நம் தீர்ப்புகளைப் பாதிக்கிறது என்றால், எது சரி எது தவறு என்ற பட்டியல் ஊருக்கு ஊர் மாறுகிறது என்றுதான் பொதுவாகப் புரிந்துகொள்கிறோம். அது உண்மையில் ஒரு பகுதி மட்டுமே. எதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வது என்பதையும் பண்பாடே தீர்மானிக்கிறது. செயலைப் பார்ப்பதா, செய்தவர் மனத்தில் இருந்ததைப் பார்ப்பதா, அவருடைய சுபாவத்தைப் பார்ப்பதா, அவரை நெருக்கிய நிலைமையைப் பார்ப்பதா? இவற்றுள் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுவே பெரும்பாலும் தீர்ப்பாகிவிடுகிறது. இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. யாருக்கு எந்த அளவுகோல் என்பதையும் பண்பாடு பிரித்துவைக்கிறது. சூழ்நிலையைப் பார்க்கத் தெரிந்த சமூகம் என்று பெயர் வாங்கிய நாம், அந்தப் பார்வையை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

குணம் தேடும் கண்

1967-ல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். எழுதியவரின் உண்மையான கருத்து என்னவாக இருக்கும் என்பது கேள்வி. சில மாணவர்களிடம், எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை எழுதியவர் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆசிரியர் சொன்னபடி எழுதினார் என்று தெளிவாகச் சொல்லப்பட்டது. அப்படியிருந்தும், ஆதரித்து எழுதியவர் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்ற பக்கமே அவர்கள் சாய்ந்தார்கள். கட்டாயத்தால் செய்த காரியத்தையும் மனத்தின் வெளிப்பாடாகவே பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு, 1977-ல் லீ ராஸ் ‘அடிப்படைப் பிழை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பிறருடைய நடத்தைக்குக் காரணம் தேடும்போது குணத்தைக் கூட்டியும் சூழ்நிலையைக் குறைத்தும் மதிப்பிடுவது மனித இயல்பு என்று பாடப்புத்தகங்கள் எழுதின. அந்த முடிவுக்கு ஆதாரமாக நின்ற ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தவை. மைசூர் பதில்கள் அந்த ‘மனித இயல்பு’ மீது கேள்வி எழுப்பின.

அடுத்த சான்று செய்தித்தாள்களிலிருந்து வந்தது. 1991 நவம்பரில் அமெரிக்காவில் இரண்டு கொடிய துப்பாக்கிச் சூடுகள் இரு வார இடைவெளியில் நடந்தன. அயோவா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த சீனர் ஒருவர், தமக்கு விருது கிடைக்காத ஆத்திரத்தில் பேராசிரியர்கள் உள்ளிட்டோரைச் சுட்டுக்கொன்றுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார். மிச்சிகனில், வேலையிழந்த அமெரிக்கத் தபால் ஊழியர் ஒருவர் தம் பழைய அலுவலகத்தில் இதே காரியத்தைச் செய்தார். மைக்கேல் மாரிஸும் கைபிங் பெங்கும் இந்த இரு சம்பவங்களைப் பற்றி ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழும், அமெரிக்காவில் வெளிவரும் சீனமொழி நாளேடு ஒன்றும் எழுதியவற்றை ஒப்பிட்டு 1994-ல் வெளியிட்டார்கள். ஆங்கில ஏடு கொலையாளியின் மனக்கோளாறு, முன்கோபம், சுபாவம் ஆகியவற்றில் காரணம் தேடியது. சீன ஏடு, வழிகாட்டிப் பேராசிரியரோடு இருந்த பிணக்கு, சொந்தச் சமூகத்திலிருந்து ஒதுங்கிப்போன தனிமை, துப்பாக்கி எளிதாகக் கிடைக்கும் நாட்டு நிலைமை என்று வெளியே தேடியது. நிலைமை வேறாக இருந்திருந்தால் இந்தக் கொலைகள் நடந்திருக்குமா என்று மாணவர்களைக் கேட்டபோதும், நடந்திருக்காது என்று சொல்லும் போக்கு சீனர்களிடம் அதிகமாக இருந்தது.

குணமா சூழ்நிலையா என்பதோடு இது முடியவில்லை. தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்பதுதான் நியாயத்தின் அடிப்படை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கிளார்க் பாரெட்டும் உடன் ஆய்வாளர்களும் பத்துச் சமூகங்களில் இதைச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். சந்தையில் இன்னொருவர் பையை ஒருவர் எடுத்துப் போகிறார். தன்னுடையது என்று நினைத்து எடுத்தாரா, திருட வேண்டும் என்று எடுத்தாரா என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுமா? லாஸ் ஏஞ்சலீஸ் நகரவாசிகளிடம் வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. பசிபிக் கடலில் ஃபிஜி நாட்டின் யாசாவா தீவில் அது மிகக் குறைவாக இருந்தது. அடுத்தவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகித்துப் பேசுவது முறையல்ல என்பது அந்தத் தீவு மக்களின் மரபு. கண்ணுக்குத் தெரிவது செயலும் அதனால் விளைந்த சேதமும்தான். அதை வைத்தே பேச வேண்டும் என்பது அவர்கள் நெறி. இதனால் அவர்களுக்கு மனத்தை அறியும் திறன் குறைவு என்று ஆகாது. மனத்தை நீதிபதியின் இடத்திலிருந்து விலக்கிவைக்கிறது அவர்களுடைய பண்பாடு.

இந்த வேறுபாடுகள் எங்கிருந்து முளைக்கின்றன? வாழ்க்கை அமைப்பிலிருந்துதான். ஊர்விட்டு ஊர் மாறி, முன்பின் தெரியாதவரோடு ஒப்பந்தம் போட்டுப் பிழைக்கும் சமூகத்தில், ‘இவர் எப்படிப்பட்டவர்’ என்ற கேள்வியே முதல் கேள்வியாகிறது. தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுப்பவர் என்று ஒவ்வொருவரையும் போற்றும் பண்பாடு, நடந்ததற்கெல்லாம் அவரையே பொறுப்பாளியும் ஆக்குகிறது. மூத்த மகன், மருமகள், குத்தகைதாரர், சித்தப்பா என்று பிறப்பும் உறவும் இடத்தை வகுத்துக் கொடுக்கும் சமூகத்திலோ, அந்த இடத்துக்குரிய கடமையை விட்டுவிட்டு ஒருவர் செயலைப் புரிந்துகொள்ளவே முடியாது. மிஷேல் கெல்ஃபாண்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 33 நாடுகளை ஒப்பிட்டு 2011-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு காரணத்தையும் காட்டியது. மக்கள் நெருக்கம், உணவுத் தட்டுப்பாடு, இயற்கைச் சீற்றம், எதிரிகளின் அச்சுறுத்தல் ஆகியவற்றை வரலாற்றில் அதிகம் சந்தித்த நாடுகளில் நடத்தை விதிகள் இறுக்கமாக இருக்கின்றன. மீறுவோரை அந்தச் சமூகங்கள் எளிதில் பொறுப்பதில்லை. பாகிஸ்தானும் மலேசியாவும் இந்தியாவும் அந்த இறுக்கமான பக்கத்தில் இடம்பெற்றன. சேர்ந்து வாழ்ந்தால்தான் பிழைக்க முடியும் என்ற நிலை, விலகி நடப்பவரைக் கடுமையாகப் பார்க்கவும் கற்றுத்தருகிறது.

கிழக்கு மேற்கு என்று பிரித்துவிடலாமா?

கிழக்கு சூழ்நிலையைப் பார்க்கும், மேற்கு குணத்தைப் பார்க்கும் என்று இரண்டு பெட்டிகள் செய்து உலகத்தை அடைத்துவிடுவது தவறு என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பு நியாயமானது. இஞ்சோல் சோய், ரிச்சர்ட் நிஸ்பெட் இருவரும் 1998-ல் கொரியர்களிடமும் அமெரிக்கர்களிடமும் பழைய கட்டுரைச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கொரியர்களும் கட்டாயத்தால் எழுதியவரின் மனத்தை எழுத்திலிருந்தே ஊகித்தார்கள். ஆனால் அதேபோன்ற கட்டாயத்தில் தாங்களே எழுதிப் பார்த்த பிறகு, கொரியர்கள் தங்கள் ஊகத்தைத் திருத்திக்கொண்ட அளவுக்கு அமெரிக்கர்கள் திருத்திக்கொள்ளவில்லை. அதாவது குணத்தைக் கைகாட்டும் அவசரம் எல்லா மனிதருக்கும் உண்டு. அதைத் தடுத்து நிறுத்தும் பழக்கத்தைச் சில பண்பாடுகள் கூடுதலாகப் பயிற்றுவிக்கின்றன. ஒரே மனிதருக்குள் இரண்டு பழக்கங்களும் இருக்கலாம் என்பதை ஹாங்காங் மாணவர்கள் காட்டினார்கள். கூட்டத்துக்கு முன்னால் தனியே நீந்தும் ஒரு மீனின் படத்தைக் காட்டி, அது ஏன் அப்படி நீந்துகிறது என்று கேட்டார்கள். அதற்கு முன் அமெரிக்கச் சின்னங்களைப் பார்த்தவர்கள் அந்த மீனுக்குள் காரணம் தேடினார்கள். சீனச் சின்னங்களைப் பார்த்தவர்கள் மற்ற மீன்களிடம் காரணம் தேடும் பக்கம் சாய்ந்தார்கள். 2000-ல் வெளியான இந்த ஆய்வு, பண்பாடு மனிதரின் தலையெழுத்து அல்ல என்பதற்கு நல்ல ஆதாரம்.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. புவனேசுவரத்தின் கோயில் நகரப் பகுதியிலும் சிகாகோவிலும் ரிச்சர்ட் ஷ்வெடர், மன்மோகன் மகாபாத்ரா, ஜோன் மில்லர் ஆகியோர் 39 நடத்தைகளைச் சொல்லி, எவை தவறு என்று கேட்டார்கள். 1987-ல் முடிவுகள் வெளிவந்தன. தந்தை இறந்த மறுநாளே மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டதை ஒடிய பிராமணப் பிள்ளைகள் எல்லாவற்றிலும் பெரிய குற்றமாகச் சொன்னார்கள். சிகாகோப் பிள்ளைகளுக்கு அதில் குற்றமே தெரியவில்லை. கணவரை இழந்த பெண் மீன் சாப்பிடுவதும் புவனேசுவரத்தில் பெருந்தவறு. சொல்லியும் கேட்காமல் பள்ளிக்கு மட்டம் போட்ட மகனைத் தந்தை பிரம்பால் அடிப்பதைப் புவனேசுவரம் ஏற்றுக்கொண்டது; சிகாகோ ஏற்கவில்லை. வாக்கை மீறுவது, சாதுவான விலங்கை உதைப்பது போன்றவற்றை இரு ஊர்களும் ஒன்றுபோலக் கண்டித்தன. எலியட் டூரியலும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு ஒரு மறுவிளக்கம் கொடுத்தார்கள். மீன் உணவு ஆசையைத் தூண்டும், இறந்த கணவரின் ஆவி நோகும் என்று புவனேசுவரத்தார் நம்புகிறார்கள். ஆகவே யாருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்ற அறம் இரு ஊருக்கும் பொதுதான், எது தீங்கு என்ற நம்பிக்கைதான் வேறு என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். மனிதர்கள் அறத்தின் அடித்தளத்தில் வேற்றுக்கிரகவாசிகள்போல் பிரிந்து கிடக்கவில்லை என்பது உண்மை. நம்பிக்கைகள் மாறினால் தீர்ப்புகளும் மாறும் என்பதும் உண்மை. அது நம்பிக்கை தரும் செய்தியும்கூட. ஆனால் அந்த நம்பிக்கைகளை யார் உண்டாக்கினார்கள் என்ற கேள்வியை இந்த வாதம் தொடவில்லை. மீன் சாப்பிட்டால் ஆசை பெருகும் என்ற விதி மனைவியை இழந்த ஆணுக்கு ஏன் அதே கடுமையோடு பொருந்தவில்லை? தீங்கு எது என்ற கணக்கிலேயே யாருடைய வலி எண்ணப்படும், யாருடைய வலி எண்ணப்படாது என்ற முடிவு ஒளிந்திருக்கிறது. நம்பிக்கையும் மதிப்பும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் அளவுகோல் என்ன என்று கேட்பதோடு நிற்காமல், அது யாருக்கு நீள்கிறது, யாருக்குச் சுருங்குகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

நம்மவருக்கு நிலைமை, பிறருக்குப் புத்தி

மைசூர் ஆய்வுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1974-ல், தென்னிந்தியாவில் நடந்த சிறிய ஆய்வு ஒன்று இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லியிருக்கிறது. டொனால்ட் டெய்லரும் வைஷ்ணா ஜாக்கியும் முப்பது இந்து எழுத்தர்களிடம் சில அன்றாடக் காட்சிகளைக் கொடுத்தார்கள். கடைக்காரர் தாராளமாக நடந்துகொள்கிறார் அல்லது ஏமாற்றுகிறார். மழையில் மாட்டிக்கொண்டவருக்கு வீட்டுக்காரர் இடம் கொடுக்கிறார் அல்லது கண்டுகொள்ளாமல் விடுகிறார். சில காட்சிகளில் அப்படிச் செய்தவர் இந்து, சிலவற்றில் முஸ்லிம். இந்து நல்லது செய்தால் அது அவருடைய குணம். கெட்டது செய்தால் அவருடைய நிலைமை. முஸ்லிம் நல்லது செய்தால் ஏதோ நிலைமை அப்படிச் செய்யவைத்தது; கெட்டது செய்தால் அது அவருடைய குணம். சூழ்நிலையைப் பார்க்கும் கண் எழுத்தர்களுக்கு இருந்தது. அதை யாருக்குத் திறப்பது, யாருக்கு மூடுவது என்பதும் அவர்களுக்குப் பழகியிருந்தது.

இதைச் சொல்ல ஆய்வகம்கூட வேண்டாம். நம் வீட்டுப் பேச்சே போதும். சொந்தப் பிள்ளை தப்புச் செய்தால், ‘அவன் நல்லவன்தான், சேர்க்கை சரியில்ல’ என்கிறோம். அடுத்த தெருப் பிள்ளை அதையே செய்தால், ‘அவங்க வளர்ப்பு அப்படி’ என்கிறோம். வேறு சாதி, வேறு மதம், வேறு மாநிலம் என்றால், ‘அவங்க புத்தியே அப்படித்தான்’ என்று ஒரு ஆளின் செயலை ஒரு கூட்டத்தின் தலையிலேயே கட்டுகிறோம். ஹரியாணாவிலோ பிகாரிலோ பிறந்த தொழிலாளி சண்டை போட்டால் அவருடைய மாநிலம் செய்தியாகிறது. உள்ளூர்க்காரர் சண்டை போட்டால் அவர் குடித்திருந்தார் என்பது செய்தியாகிறது. சீன நாளேடு அமெரிக்கத் தபால் ஊழியருக்கும் சூழ்நிலைக் காரணம் தேடியதே என்று கேட்கலாம். ஆம், அந்நியருக்கும் அந்தப் பார்வையைக் கொடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்தத் தபால் ஊழியர் அந்த வாசகர்களோடு நிலத்துக்கோ வேலைக்கோ கோயிலுக்கோ போட்டியிட்டவர் அல்ல. நெருங்கி வாழ்ந்து, உரிமைக்கும் மரியாதைக்கும் மோதிக்கொள்ளும் குழுக்களுக்கு இடையில்தான் கதவு அடைபடுகிறது. அங்கேயும் அதிகாரம் பேசுகிறது. மலேசியாவில் 1985-ல் வெளியான ஆய்வொன்றில் மலாய் மாணவர்கள் தங்கள் இனத்தாருக்குச் சாதகமாகக் காரணம் சொன்னார்கள். சீன மாணவர்களோ தங்கள் இனத்துக்கு அந்தச் சலுகையைக் கொடுக்கவில்லை. நாட்டில் தங்களுக்கு என்ன இடம் என்பதை மனிதர்கள் தீர்ப்புக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

குணத்தைப் பிறப்போடு கட்டிவைக்கும் தீர்ப்பு சட்டமாகவே வந்த காலம் நமக்கு நினைவிருக்க வேண்டும். 1871-ல் ஆங்கிலேய அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-ன் சட்டத்துக்குப் பிறகு அது சென்னை மாகாணத்தில் விரிவாக நடைமுறைக்கு வந்தது. தனிமனிதர் குற்றம் செய்தாரா என்ற விசாரணையே தேவையில்லை. குற்றப்பரம்பரை என்று அரசு பட்டியலிட்ட சாதியில் பிறந்தால் போதும். மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்று அழைத்த இந்தச் சட்டத்தின்கீழ், வளர்ந்த ஆண்கள் கைரேகை பதித்துப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். ஊரைவிட்டுப் போகவும் வரவும் அனுமதி வேண்டும். மதுரை மாவட்டத்தின் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் இதை எதிர்த்து நின்றபோது, 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது; பலர் உயிரிழந்தார்கள். நிலமும் காவல் உரிமையும் பறிபோனது, பஞ்சம், வரி என்று ஒரு மக்கள்கூட்டத்தை நெருக்கிய எத்தனையோ நிலைமைகளை எண்ணிப்பார்க்க ஆட்சியாளர்கள் மறுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் அந்தப் பட்டியலிலிருந்து சமூகங்கள் 1952 ஆகஸ்ட் 31 அன்று விடுவிக்கப்பட்டன. சட்டம் போய்விட்டது. திருட்டு நடந்தால் முதலில் எந்தத் தெருவுக்குக் காவலர் போக வேண்டும் என்ற பழக்கம் அதோடு சேர்ந்து போய்விடவில்லை.

இன்றைய சந்தையிலும் இந்தத் தீர்ப்புக்கு விலை இருக்கிறது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். 2007-ல் வெளியான முடிவின்படி, உயர்சாதி இந்துப் பெயருக்குக் கிடைத்த வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்கும் முஸ்லிம் பெயருக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கும்தான் கிடைத்தது. படிப்பும் அனுபவமும் ஒன்றாக இருந்தும் பெயர் மட்டுமே குணச்சான்றாகிவிட்டது. தீர்ப்புக்கு ஆளானவர் மனத்தையும் அது தின்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேச கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குப் புதிர்ப்பாதைகள் கொடுத்து, தீர்த்த ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தார்கள். சாதி சொல்லப்படாதபோது எல்லாப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒன்றுபோலச் செய்தார்கள். பெயரும் ஊரும் சாதியும் மற்றவர் முன்னிலையில் அறிவிக்கப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தீர்த்த புதிர்கள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைந்தன. சாதி சொல்லப்படாதபோது இருந்த திறமை சாதியைச் சொன்னதும் எங்கே போனது? தன்னை எப்படி எடைபோடுவார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

சூழ்நிலை பார்ப்பது மன்னிப்பா?

எல்லாவற்றுக்கும் சூழ்நிலையைக் காரணம் காட்டினால் பொறுப்பு என்பதே இல்லாமல் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ‘ஏதோ வயசுக் கோளாறு’, ‘குடிபோதையில் செய்துவிட்டான்’ என்று வன்முறை செய்த ஆண்களுக்கு நம் ஊர்களில் எத்தனையோ பஞ்சாயத்துகள் சூழ்நிலைப் பட்டியல் வாசித்திருக்கின்றன. அதே பஞ்சாயத்துகள் பாதிக்கப்பட்ட பெண்ணிடம், அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய் என்று கேட்டு அவளுடைய குணத்தை விசாரித்திருக்கின்றன. நீதிமன்றமும் இதிலிருந்து தப்பவில்லை. 1972-ல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளான வழக்கில், 1978-ல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அவர் உடலில் எதிர்த்ததற்கான காயங்கள் இல்லை என்பது ஒரு காரணம். காவல் நிலையம், சீருடை, இரவு, வறுமை என்று ஒரு பெண்ணின் வாயை அடைக்கக்கூடிய அத்தனையும் அங்கே இருந்தன. அவை எடையில் ஏறவில்லை. சட்டப் பேராசிரியர்கள் நால்வர் 1979-ல் எழுதிய திறந்த மடலும் பெண்கள் இயக்கங்களின் போராட்டமும் 1983-ல் சட்டத்தைத் திருத்தவைத்தன. பாதிக்கப்பட்டவரின் ஒழுக்கத்தைக் கேள்விக்குள்ளாக்க அனுமதித்த சாட்சியச் சட்டப் பிரிவு 2002-ன் திருத்தத்தால்தான் நீங்கியது.

ஆகவே கோளாறு சூழ்நிலையைப் பார்ப்பதில் இல்லை. ஒருவருக்குப் பார்த்து இன்னொருவருக்குப் பார்க்காமல் விடுவதில் இருக்கிறது. காரணத்தைப் புரிந்துகொள்வது வேறு, குற்றத்தை மன்னிப்பது வேறு. இந்த வேறுபாட்டை நம் உச்ச நீதிமன்றமே வகுத்துக் காட்டியிருக்கிறது. 1980-ல் பச்சன் சிங் வழக்கில், மரண தண்டனையை முடிவுசெய்யும்போது குற்றத்தை மட்டும் பார்க்காமல் குற்றவாளியின் வாழ்க்கை நிலையையும் பார்க்க வேண்டும் என்றது. 2022-ல் மனோஜ் வழக்கில், அந்த வாழ்க்கை விவரங்களை விசாரணை நீதிமன்றக் கட்டத்திலேயே திரட்ட வேண்டும் என்று வழிமுறை சொன்னது. குற்றம் நிரூபிக்கப்பட்டவருக்கும் இந்த நியாயம் உண்டு என்றால், குற்றமே செய்யாமல் பெயரால் மட்டும் தண்டிக்கப்படுபவருக்கு எவ்வளவு உண்டு!

பண்பாடுதான் தீர்ப்பை உருவாக்குகிறது என்றால் எந்தப் பண்பாட்டையும் குறைசொல்ல முடியாதே என்ற கேள்வியும் இங்கே எழும். பண்பாடு என்பது ஒரே குரல் என்று நினைப்பதால் வரும் கேள்வி அது. கைம்பெண் மறுமணம் செய்தால் குலம் கெடும் என்று ஒரு தரப்பு சொன்ன அதே ஊர்களிலிருந்துதான் அதை மறுத்த தரப்பும் எழுந்தது. 1856-ல் மறுமணச் சட்டம் வந்தது. 1881-ல் கந்துகூரி வீரேசலிங்கம் ராஜமுந்திரியில் கைம்பெண் ஒருவரின் மறுமணத்தை ஊர் எதிர்ப்புக்கு நடுவே நடத்திவைத்தார். தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் தொடங்கிய முயற்சி 1947-ல் சட்டமானது. இவர்கள் வெளியிலிருந்து வந்து தீர்ப்புச் சொன்னவர்கள் அல்லர். யாருடைய வலி அதுவரை கணக்கில் சேரவில்லையோ அதைச் சேர்க்கச் சொன்னவர்கள். பண்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் திட்டுவது சோம்பேறித்தனம். புரிந்துகொண்டதாலேயே திருத்தாமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு.

எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது எளிதில் வராது, பழகித்தான் வரும். எட்டு வயதுவரை பெரிதாகப் பிரியாத பிள்ளைகள் அதன் பிறகுதான் பிரிகிறார்கள் என்றால், அந்த வயதில் அவர்கள் காதில் நாம் என்ன போடுகிறோம் என்பது முக்கியம். யாரைப் பற்றியாவது ‘அவங்க அப்படித்தான்’ என்று வாய் திறக்கும் முன், இதையே என் தம்பி செய்திருந்தால் என்ன காரணம் சொல்லியிருப்பேன் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம். செய்தி எழுதுபவர்கள், குற்றம் செய்தவரின் சாதியும் மாநிலமும் சம்பவத்தை விளக்க உண்மையிலேயே தேவையா என்று யோசிக்கலாம். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பெயரை மறைத்துவிட்டு விண்ணப்பத்தைப் படிக்கலாம். ஆசிரியர்கள், வகுப்பில் தூங்கும் மாணவனைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் அவன் வீட்டில் இரவு என்ன நடக்கிறது என்று விசாரிக்கலாம். பிறர் நிலையில் நின்று பார்க்கும் அறிவு நம் மக்களிடம் இல்லாத ஒன்றல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைத் தினமும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நமக்குப் பிடிக்காதவருக்கும் தெரியாதவருக்கும் அதைக் கொடுக்கும் நாளில்தான் நம் தீர்ப்பு நியாயமான தீர்ப்பாகும்.